கிஸ்ஸா, மசலா, நாமா: கதைக்கு நாம் இட்ட பெயர்கள்

ஒரு சமுதாயம் தன் கதைகளுக்கு இட்டு வழங்கும் பெயர்களை ஆராய்ந்தால், அக்கதைகளை அது எவ்வாறு போற்றியது என்பது புலப்படும். ஜப்பானியர் தம் பழைய கதை இலக்கியத்தை 'மோனொகதாரி' என்பர். அச்சொல்லின் பிற்பகுதி எடுத்துரைத்தலைக் குறிப்பது. ஹெய்க்கே குலத்தாரின் வீழ்ச்சியைக் கூறும் காவியத்தை, பார்வையற்ற இசைவாணர்கள் 'பீவா' என்னும் நரம்புக் கருவியை மீட்டிப் பாடி வந்தனர். ஏட்டில் எழுதப்பெற்ற பின்னரும் அது செவிக்குரிய கதையாகவே வாழ்ந்தது.

நமது தாமிரபரணிக் கரையிலும் இத்தகைய மரபு உண்டு. நெல்லைச் சீமையின் கோயில் கொடைகளில் பாடப்பெறும் வில்லுப்பாட்டு, கருவியால் பெயர் பெற்ற கலை. வில்லின் நாணை வீசுகோலால் தட்டி, குடமும் உடுக்கும் தாளமும் துணைசெய்யக் கதை சொல்லப்படும். இஸ்லாமியத் தமிழ்ப் புலவர்களோ, தம் கதைகளுக்கு அவற்றின் நோக்கத்தாலும் அமைப்பாலும் பெயரிட்டனர்.

'மசலா' என்பது கேள்வி என்னும் பொருளுடைய அரபுச் சொல். வண்ணப்பரிமளப் புலவர் 1572இல் அரங்கேற்றிய 'ஆயிர மசலா', நமக்கு முழுமையாகக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் காலத்தால் முந்தியதாகக் கருதப்படுகிறது. யூத அறிஞராயிருந்த அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) நபிகள் நாயகத்திடம் (ஸல்) வினவிய வினாக்களும், பெற்ற விடைகளுமே அதன் பொருள். 'நாமா' பாரசீகச் சொல். நூல் எனவும் மடல் எனவும் பொருள்படும்.

'கிஸ்ஸா' என்னும் சொல்லோ மேலும் ஆழமானது. அதன் அரபு வேர், காலடித் தடத்தைப் பின்பற்றிச் செல்லுதலைக் குறிக்கும். குழந்தை மூஸாவை (அலை) ஆற்றில் விட்ட அன்னை, அவரைப் பின்தொடருமாறு மகளை ஏவிய செய்தியைத் திருமறையின் 28ஆம் அத்தியாயத்தில் காண்கிறோம். அங்கு ஆளப்படும் வினைச்சொல் இவ்வேரினின்றும் பிறந்ததே. அவ்வத்தியாயத்தின் பெயரும் 'அல் கஸஸ்' என்பதாகும்.

எட்டையபுரத்தில் அடங்கியுள்ள உமறுப் புலவரின் 'சீறா'வும் இவ்வாறே. 'ஸீரா' என்னும் அச்சொல், நடத்தல், செல்லுதல் என்னும் பொருளுடைய வேரினின்று தோன்றி, வாழ்ந்த நெறியை உணர்த்துகிறது. ஒருவர் நடந்த வழி சீறா. அத்தடம் பற்றிச் செல்வது கிஸ்ஸா. அரபுச் சொல்லாகிய 'சீறா'வுடன் 'புராணம்' என்பதைச் சேர்த்து, தமிழ் மக்கள் பழகிய கதை வடிவத்திற்குள் நாயகத்தின் வாழ்வைப் புலவர் அமைத்தார். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து எனக் காண்டங்களுக்கு அரபுப் பெயரிட்டபோதிலும், விருத்தங்கள் தமிழ் ஓசையிலேயே நடக்கின்றன.

அவ்வோசையே இன்று நம் கவலைக்குரியது. சீறாவை ஒருவர் இசையுடன் படிக்க, மற்றொருவர் பொருள் விரித்துரைக்கும் வழக்கம் நம் ஊர்களில் இருந்தது. மாலைகளையும் முனாஜாத்துகளையும் இல்லங்களில் பெண்கள் ஓதி வந்தனர். அச்சு நூல் சொற்களைக் காக்கும். எங்கே பிரித்துப் படிப்பது, எந்த அடியை நீட்டிப் பாடுவது என்பதை அது காட்டாது. அவற்றை அறிந்த முதியோரின் குரல் மறையுமாயின், ஏடு எஞ்சும், நடை எஞ்சாது.

ஆகவே, பழைய நூல்களை மறுபதிப்பிடும் நாம், அவற்றை ஓதத் தெரிந்தோரின் குரலையும் பதிவு செய்தல் வேண்டும். தடம் பற்றிச் செல்வதே கிஸ்ஸா எனில், அவர்களுடைய குரலின் தடத்தையும் நாம் தவறவிடலாகாது.