முறுக்குக்கு எந்தக் கவர்?

வீட்டில் முறுக்கும் தட்டையும் பொடி வகைகளும் செய்து விற்கத் தொடங்குபவர்கள் கவர் கடைக்குப் போனால், பேச்சு பெரும்பாலும் மைக்ரானில்தான் ஆரம்பிக்கும். சில கடைகளில் கேஜ் கணக்கு. 100 கேஜ் என்றால் ஏறத்தாழ 25 மைக்ரான். தடித்த கவர்தான் நல்ல கவர் என்று எண்ணி, கூடுதல் காசு கொடுத்து வாங்கி வருவார்கள். அப்படியும் மூன்றாவது வாரம் முறுக்கில் எண்ணெய் வாடை அடிக்கும். காரணம் தடிமனில் இல்லை, கவர் எதனால் ஆனது என்பதில் இருக்கிறது.

முறுக்கு இரண்டு வழிகளில் கெடுகிறது. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு நமுத்துப்போவது ஒன்று. மற்றது காறல். எண்ணெயிலுள்ள நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் ஆக்சிஜனோடு வினைபுரிந்து பெராக்சைடுகளாக மாறும். அவை உடைந்து ஆல்டிஹைடு போன்ற சிறு மூலக்கூறுகள் உண்டாகும். மூக்கைச் சுளிக்க வைப்பவை இவைதான். வெப்பமும் வெளிச்சமும் இந்த வினையை விரைவுபடுத்தும். ஆக, ஈரம், ஆக்சிஜன், வெளிச்சம் மூன்றையும் கவர் தடுக்க வேண்டும்.

ஓட்டையே இல்லாத பிளாஸ்டிக் தாளிலும் வாயு மூலக்கூறுகள் மெல்ல ஊடுருவும். சாதாரண பாலித்தீன் ஈரத்தை நன்றாகத் தடுக்கும். ஆக்சிஜனைத் தாராளமாக விடும். 25 மைக்ரான் பாலித்தீன் தாளின் ஒரு சதுர மீட்டர் வழியே ஒரு நாளில் பல ஆயிரம் மில்லிலிட்டர் ஆக்சிஜன் கடந்துவிடும். அதில் பாதி தடிமனுள்ள 12 மைக்ரான் பாலியெஸ்டர் தாளில் இது நூற்றுச் சொச்சம்தான். அதன்மேல் அலுமினிய ஆவி படிய வைத்தால் ஒன்றிரண்டு மில்லிலிட்டராகச் சுருங்கிவிடும். அந்த அலுமினியப் படிவு ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குகூட இராது. பாலித்தீனின் தடிமனை இரட்டிப்பாக்கினால் ஊடுருவல் பாதியாகும், அவ்வளவே. அதனால்தான் சிப்ஸ் பாக்கெட்டின் உட்புறம் வெள்ளியாய் மின்னுகிறது. நைட்ரஜன் நிரப்பிக் கொடுப்பதும் இத்தகைய கவரில்தான் பலன் தரும். வெறும் பாலித்தீனில் நிரப்பினால் ஆக்சிஜன் மீண்டும் உள்ளே வந்துவிடும்.

பண்டத்துக்குப் பண்டம் தேவை மாறும். புதிதாக வறுத்த காபி கார்பன் டை ஆக்சைடை வெளியிட்டுக்கொண்டே இருக்கும் என்பதால், காற்றை வெளியே மட்டும் விடும் வால்வு வைத்த பவுச் வேண்டும். அப்பளத்துக்கோ உள்ளே இருக்கும் ஈரம் போய்விடக் கூடாது. காய்ந்தால் நொறுங்கும், அதிகமானால் பூஞ்சை பிடிக்கும். அதற்குப் பாலித்தீனே போதும். ஊறுகாயின் எண்ணெயும் புளிப்பும் கவரின் அடுக்குகளையே பிரித்துவிடக்கூடும். 'ஊறுகாய்க்கு' என்று சொல்லியே பவுச் கேட்க வேண்டும். ஜன்னல் வைத்த காகிதப் பவுச் பார்க்க அழகுதான். ஆனால் காகிதம் ஈரத்தையும் ஆக்சிஜனையும் தடுக்காது, ஜன்னல் வெளிச்சத்தையும் உள்ளே விடும். உள் அடுக்கு என்னவென்று விசாரிக்காமல் வாங்காதீர்கள்.

சிறிய பாக்கெட்டுக்குத்தான் நல்ல கவர் தேவை என்பது பலர் கவனிக்காத கணக்கு. 500 கிராம் பாக்கெட் 50 கிராம் பாக்கெட்டைப் போலப் பத்து மடங்கு பண்டம் கொள்ளும். அதன் மேற்பரப்போ ஐந்து மடங்கைக்கூட எட்டாது. எனவே சின்னப் பாக்கெட்டில் ஒரு கிராம் பண்டத்தைச் சுற்றியுள்ள பரப்பு இரண்டு மடங்குக்கு மேல். மலிவான பாக்கெட் என்று மலிவான கவரில் போட்டால் அதுதான் முதலில் கெடும்.

அடுத்தது சீல். உட்புறப் பாலித்தீன் அடுக்குகள் இரண்டும் சூட்டில் உருகி, அவற்றின் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதுதான் ஒட்டு. சூடு குறைந்தால் ஒட்டாது. மிஞ்சினால் தாள் சுருங்கி மெலியும். இட்லிப் பொடியின் துகளோ ஒரு சொட்டு எண்ணெயோ இடையில் சிக்கினால் அங்கே மெல்லிய கால்வாய் உண்டாகும். ஆகவே புனல் வைத்துக் கொட்டி, வாயைத் துடைத்த பிறகே சீல் போட வேண்டும். முறுக்கு முழுக்க ஆறுவதும் அவசியம். சூட்டோடு அடைத்தால் ஆவி நீராகி உள்ளேயே தங்கிவிடும். ஜிப் வைத்த பவுச்சிலும் ஜிப்புக்கு மேலே சீல் போட்டே ஆக வேண்டும். ஜிப் என்பது வாங்கியவர் பிரித்த பிறகு மூடி வைத்துக்கொள்ள மட்டுமே.

கவர் உணவுக்கு உகந்ததா என்பதற்கும் அளவுகோல் உண்டு. 2018-ஆம் ஆண்டின் உணவுப் பொட்டல விதிகளின்படி, பிளாஸ்டிக்கிலிருந்து உணவில் கலக்கும் மொத்தப் பொருள் கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. விற்பவரிடம் இதற்கான பரிசோதனைச் சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

பெயர் அச்சிட்ட கவரை மொத்தமாக ஆர்டர் செய்வதற்கு முன், இரண்டு மூன்று வகைகளில் மாதிரி வாங்குங்கள். ஒரே ஈட்டு முறுக்கை எல்லாவற்றிலும் அடையுங்கள். ஒவ்வொரு வகையிலும் ஒன்றைத் தண்ணீரில் அழுத்திப் பாருங்கள். குமிழி வந்தால் சீல் சரியில்லை. மற்றவற்றைக் கடை அலமாரியின் சூட்டிலும் வெளிச்சத்திலும் வைத்து, வாரம் ஒரு பாக்கெட் பிரித்துத் தின்று பாருங்கள். லேபிளில் போடும் தேதி அந்தச் சோதனையிலிருந்து வர வேண்டும், பக்கத்துக் கடை பாக்கெட்டைப் பார்த்து அல்ல.