ரயில் ஹாரனும் தொப்புள்கொடியும்

திருத்தணி ஸ்டேஷனில் நிற்காமல் போகும் ரயிலைக் கவனித்திருக்கிறீர்களா? அரக்கோணம் பக்கமிருந்து கிறீச்சென்று வரும் ஹாரன், நம்மைத் தாண்டி ரேணிகுண்டா பக்கம் திரும்பியதுமே சுருதி இறங்கிவிடும். ஹாரன் அதேதான், நெருங்கும்போது ஒரு சுருதி, விலகும்போது ஒரு சுருதி. ஆஸ்திரிய விஞ்ஞானி கிறிஸ்டியன் டாப்ளர் 1842-ல் சொன்ன விஷயம் இது. 1845-ல் நெதர்லாந்தில் டிரம்பெட் கலைஞர்களை ரயிலில் ஏற்றி ஊதவிட்டே இதைச் சோதித்தார்கள்!

அந்த டாப்ளரின் பெயரைக் கர்ப்பிணியின் ஸ்கேன் சீட்டில் பார்த்ததும் வீடே கலங்குகிறது. “போன ஸ்கேன் நல்லாத்தானே இருந்துச்சு, இது எதுக்கு?” என்று கேட்டபடியே, மாமியார் 365 படி ஏறி முருகனிடம் வேண்டிக்கொண்டு வந்துவிடுவார்.

சாதாரண ஸ்கேன் குழந்தையின் உருவத்தைக் காட்டும். டாப்ளர், ரத்தம் ஓடுவதைக் காட்டும். நொடிக்கு 30 லட்சம் அதிர்வுள்ள ஒலியை உள்ளே அனுப்புகிறார்கள். ரத்த அணுக்கள் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில், 60 டிகிரி சாய்வில் ஓடினால், திரும்பி வரும் ஒலியில் சுமார் 970 அதிர்வு வித்தியாசம் இருக்கும். அது நம் காதுக்கு எட்டும் அளவு. ஸ்கேன் அறையில் கேட்கும் ‘உஷ்... உஷ்’ சத்தம், கருவி ஒலியாக்கித் தரும் இந்த வித்தியாசம்தான்.

எல்லா அணுவும் ஒரே வேகத்தில் ஓடாது. காவடிக் கூட்டத்தில் நாதஸ்வரம், தவில், பம்பையை நம் காது பிரித்துக் கேட்பதுபோல, கலந்து வரும் அதிர்வுகளைக் கணினி ‘ஃபூரியர்’ கணக்கால் பிரித்து, மலைமலையாக அலை வரைகிறது. திரையின் சிவப்பும் நீலமும் ஓட்டத்தின் திசையைத்தான் சொல்கின்றன. சிவப்பைப் பார்த்து பயப்பட வேண்டாம்.

சிக்கல் கோணத்தில். உண்மையில் 65 டிகிரி இருப்பதை 60 என்று வைத்தால், வேகம் 15 சதவிகிதம் குறைவாகக் காட்டும். தொப்புள்கொடியோ முறுக்கிக் கிடக்கும்; கோணத்தை எங்கே பிடிப்பது? அதனால் வேகத்தை விட்டுவிட்டு, குழந்தையின் இதயம் சுருங்கும்போதுள்ள ஓட்டத்தையும் தளரும்போதுள்ள ஓட்டத்தையும் வகுத்துப் பார்க்கிறார்கள். வகுத்தால் கோணம் அடிபட்டுப் போகும். நல்ல தந்திரம்!

நஞ்சுக்கொடியில் தடை கூடினால், இதயம் தளரும் நேரத்து ஓட்டம் குறையும். பிறகு நின்றுபோகும், இன்னும் மோசமானால் ரத்தம் பின்னோக்கியே ஓடும். பிரசவத்தை எப்போது வைப்பது என்று டாக்டர் முடிவெடுக்க இந்த அலை முக்கியமான ஆதாரம்.

குழந்தை அசைந்தால் அலை கலைந்துவிடும். அடங்கும்வரை காத்திருந்துதான் அளப்பார்கள். உள்ளே நேரமாகிறதே என்று வெளியே இருப்பவர்கள் பதற வேண்டியதில்லை.