ஒரே மண், இரண்டு நிறம்

ஏதென்ஸின் கைலிக்ஸ் மதுக்கிண்ணத்தில் மினுங்கும் கருப்பைப் பார்த்தால் யாருக்கும் சாயம் என்றுதான் தோன்றும். சாயமில்லை, கிண்ணம் வனைந்த அதே மண்தான் அதுவும். இந்த வித்தையை ஜெர்மானிய வேதியியலர் தியோடோர் ஷூமன் 1940களில்தான் தெளிவாக்கினார்.

கி.மு. 500 வாக்கில் ஏதென்ஸின் கெராமைகோஸ் பகுதிக் குயவர்கள் செய்த முறை இது. ஏதென்ஸைச் சுற்றியுள்ள அட்டிகா வட்டாரத்தின் இரும்பு மிகுந்த களிமண்ணை நீரில் கரைத்து, மணலும் கல்லும் அடியில் தங்கியபின் மேலே நிற்கும் குழம்பை வடித்து எடுத்து இறுகவிட்டார்கள். ஆழமில்லாத அகன்ற கிண்ணத்தையும் தண்டுள்ள பாதத்தையும் சக்கரத்தில் தனித்தனியே வனைந்து, அரைகுறையாக உலர்ந்த பதத்தில் சேறு தடவி ஒட்டினார்கள். இரண்டு கைப்பிடிகளும் அப்போதே ஏறின.

பூச்சுக்கு அதே மண்ணை மறுபடியும் கரைத்துத் தெளியவிட்டு, மிக நுண்ணிய துகள்களை மட்டும் பிரித்தார்கள். அப்போது செல்வாக்கில் இருந்தது செந்நிற உருவப் பாணி. உருவத்துக்கு வெளிக்கோடு போட்டு, கண், விரல், உடை மடிப்புகளை மெல்லிய கோடுகளால் வரைந்து, சுற்றியுள்ள வெளியை மட்டும் பூச வேண்டும். கிண்ணத்தின் உள்வட்டத்திலும் ஒரு சித்திரம் உண்டு. குடித்துக் காலி செய்தவருக்குத்தான் அது முழுதாகத் தெரியும். விருந்துக்கென்றே யோசித்த குறும்பு!

இனிமேல்தான் உயிர்போகும் வேலை. ஒரே சூளை, ஒரே சூடேற்றல், அதற்குள் மூன்று கட்டங்கள். முதலில் காற்றுத்துளைகளைத் திறந்துவைத்து ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் வரை எரித்தால் மண்ணிலுள்ள இரும்பு துருவேறி, கிண்ணம் முழுக்கச் சிவக்கும். அடுத்து துளைகளை அடைத்துப் பச்சை விறகைப் போட்டு, சூட்டை இன்னும் ஏற்ற வேண்டும். சரியாக எரியாத புகை இரும்பிலிருந்து ஆக்ஸிஜனைப் பறிக்க, இப்போது எல்லாமே கருப்பு. அந்தச் சூட்டில் பூச்சின் நுண்துகள்கள் உருகி இறுகி, கண்ணாடிபோல் அடைத்துக்கொள்ளும். பிறகு சூடு தணியத் தணியத் துளைகளைத் திறக்கிறார்கள். நுண்துளைகள் உள்ள வெற்று மண் காற்றை உறிஞ்சி மறுபடி சிவக்கிறது. அடைபட்ட பூச்சுக்குள் காற்று புகாது. கருப்பு அப்படியே நிற்கிறது.

வெப்பமானி இல்லாத காலம். உடைந்த ஓட்டில் பூச்சைத் தடவி, துளையிட்டு, சூளைக்குள் வைத்து, கொக்கியால் வெளியே இழுத்துப் பதம் பார்த்தார்கள். அப்படியும் தப்பியவை உண்டு. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியதில் புகை சரியாக எட்டாமல், கருப்பாக வேண்டிய இடம் சிவந்தே நின்றுவிட்ட கிண்ணங்களை அருங்காட்சியகங்களில் இன்றும் காணலாம். அவற்றையும் குயவர்கள் எறிந்துவிடவில்லை, விற்றுவிட்டார்கள்.