ஓய்ந்த மின்கலமும் புதிய மோட்டார் சைக்கிளோட்டியும்

கோடை விடுமுறை கழிந்து கல்லூரி திறக்கும் நாளன்று, விடுதிக் கொட்டகையில் இரண்டு மாதம் அசைவின்றி நின்ற மோட்டார் சைக்கிளை அதன் சொந்தக்காரர் ஆவலுடன் அணுகுவார். பொத்தானை அழுத்தினால் 'டிக், டிக்' என்னும் மெல்லொலி எழுமேயன்றி இயந்திரம் இயங்காது. நண்பர் நால்வர் கூடி ஆளுக்கொரு யோசனை கூறுவர். புதிதாய் வண்டி பழகுவோர் இவ்விடத்தே திகைப்பது இயல்பே. உள்ளே நிகழ்வதை அறிந்தார்க்கோ திகைப்பில்லை.

1859-ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்டன் பிளாண்டே அமைத்த ஈய மின்கலத்தின் வழித்தோன்றலே இன்றும் பெரும்பாலான வண்டிகளில் உள்ளது. நீர் கலந்த கந்தகத் திராவகத்தில் ஈயத் தகடும் ஈய ஆக்ஸைடுத் தகடும் அமைந்த கலமொன்று ஏறத்தாழ 2 வோல்ட்டு தரும். இவ்வாறான ஆறு கலங்கள் தொடராய் இணைந்து 12 வோல்ட்டாகின்றன. மின்சாரம் செலவாகுந்தோறும் தகடுகளில் ஈய ஸல்பேட்டு படியும்; மின்னேற்றும்போது அது பழைய நிலைக்குத் திரும்பும். நெடுநாள் அப்படியே விடப்பட்டால் அப்படிவு இறுகிவிடும். பின்னர் முழுவலிமை மீளாது. விடுதியினின்று தாம்பரம் ரயில் நிலையம் வரை மட்டுமே ஓட்டுவோர்க்கும் இத்தீங்கு உண்டு. கிளப்புகையில் செலவானது அச்சிறு தூரத்தில் ஈடாவதில்லை.

முதலில் விளக்கைப் பார்க்க. பொத்தானை அழுத்துகையில் அது மங்கி அணையுமாயின் குற்றம் மின்கலத்தினது, அல்லது அதன் இணைப்பினது. முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பொருக்குப் படிந்திருப்பின் துடைத்து இறுக்குக. கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பூட்டும்போது அதனை இறுதியிலும் கொள்க. மாற்றிச் செய்வோரின் திருகுகருவி வண்டியின் இரும்பைத் தீண்டினால் தீப்பொறி பறக்கும். ஓய்விலிருக்கையில் அளவுமானி 12.6 வோல்ட்டு காட்டின் மின்கலம் நிறைவானது. 12-க்குக் கீழாயின் பெரும்பாலும் வெறுமையே.

உதைகோல் உள்ள வண்டியை உதைத்துக் கிளப்பலாம். 2021-இல் வெளிவந்த ராயல் என்பீல்டு கிளாஸிக் போன்றவற்றில் அது இல்லை. இரண்டாம் பல்சக்கரத்தில் வைத்து, கிளட்சைப் பிடித்துத் தள்ளி, வேகம் வந்ததும் விடுவது மற்றொரு வழி. கியரில்லா ஸ்கூட்டருக்கு இது பயன்படாது. 2020 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த புதிய புகைவிதிகளுக்கேற்ற வண்டிகளிற் பெரும்பாலானவை மின்பம்பினால் பெட்ரோலைச் செலுத்துவன. மின்கலம் முற்றும் ஓய்ந்திருப்பின் எத்துணை தள்ளினும் வியர்வையே மிச்சம். ஜி.எஸ்.டி. சாலையில் இம்முயற்சி வேண்டவே வேண்டாம். பின்வரும் பேருந்துக்கு நம் அவசரம் தெரியாது. வகுப்புக்குப் பிந்துவது அதனினும் சிறு நஷ்டமே.

தக்க மருந்து மெதுவான மின்னேற்றமே. 5 ஆம்பியர்-மணிக் கலத்திற்கு அரை ஆம்பியர் போதும். கார்க்கலத்திற்குரிய பெருங்கருவி இதனைக் கெடுக்கும். அப்போது ஹைட்ரஜன் வெளிப்படுமாதலின் காற்றோட்டமான இடம் வேண்டும், நெருப்பு ஆகாது. மூடி திறக்கும் வகைக்கு வாலை வடிநீர் மட்டுமே வார்க்க. மூடி முத்திரையிட்டதைத் திறவற்க.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய இடங்களில் நீர் சூழ்ந்ததுபோல் வண்டி மூழ்கியிருப்பின், பொத்தானைத் தொடவே கூடாது. இயந்திரத்துட் புகுந்த நீர் பெருஞ்சேதம் விளைக்கும்.

பழைய கலத்தைக் குப்பையில் எறிவது தகாது. ஈயம் மண்ணையும் நீரையும் நஞ்சாக்கும். கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தல் முறை. குப்பையோடு கலவாது தனியே ஒப்படைத்தலையே 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு விதிகளும் வேண்டுகின்றன.

அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லுமுன் எதிர்முனையைக் கழற்றி வைத்துச் செல்லும் மாணவர், திரும்பும் நாளில் நண்பர் நால்வரின் யோசனைக்குக் காத்து நிற்க வேண்டுவதில்லை.