நிறத்தை வாங்குகிறோமா, உணவை வாங்குகிறோமா?

பொங்கலுக்குச் சில நாட்கள் இருக்கும்போது கோவையில் எந்த மளிகைக் கடைக்குச் சென்றாலும் இந்தக் காட்சியைக் காணலாம். ஒரு பக்கம் பளிச்சென்று மஞ்சள் நிறத்தில் அச்சுவெல்லம். மறுபக்கம் கறுத்துப்போய், பார்வைக்கு அழகில்லாத உருண்டை வெல்லம். "இது கறுப்பா இருக்குதுங்க, அந்த மஞ்சளைக் கொடுங்க" என்று கேட்டு வாங்குகிறவர்களே அதிகம். நாமும் பலமுறை அப்படித்தான் கேட்டிருப்போம்.

ஆனால், நாம் ஒதுக்கிவிட்டு வந்த அந்தக் கறுத்த வெல்லமே பெரும்பாலும் நல்ல வெல்லம் என்பதை எத்தனை பேர் அறிவோம்?

கரும்புச் சாற்றைக் கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சும்போது அது பழுப்பு நிறமாவது இயற்கை. அழுக்கை மேலே கொண்டுவந்து எடுப்பதற்காக நம் விவசாயிகள் சிறிது சுண்ணாம்பும், வெண்டைச் செடித் தண்டின் சாறும் சேர்ப்பது பழைய வழக்கம். இப்படிச் செய்த வெல்லம் பளபளக்காது. பளபளக்க வேண்டுமென்றால் வெளுக்க வேண்டும். அதற்காகச் சில ஆலைகளில் 'ஹைட்ரோஸ்' எனப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டை அளவின்றிக் கொட்டுகிறார்கள். இதனால் வெல்லத்தில் கந்தகம் தங்குகிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது மூச்சுத் திணறலைத் தூண்டக்கூடும். வேறு சிலர் மலிவான வெள்ளைச் சர்க்கரையைக் கலந்து, செயற்கை நிறமும் சேர்க்கிறார்கள். சேலம், ஈரோடு, நாமக்கல் பகுதிகளில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் இப்படிப்பட்ட வெல்லத்தையும், கலப்பதற்காக வைத்திருந்த சர்க்கரை மூட்டைகளையும் பலமுறை பறிமுதல் செய்திருக்கிறார்கள்.

குற்றம் யாருடையது? கலப்படம் செய்பவர் குற்றவாளிதான், ஐயமில்லை. ஆனால் கறுத்த வெல்லம் கொண்டுவருகிறவருக்குச் சந்தையில் விலை குறைகிறது. அந்த விலையைக் குறைத்தது யார்? நம் கண்கள்தான். நேர்மையாக வெல்லம் காய்ச்சுகிறவரை நஷ்டப்படுத்திவிட்டு, 'எதிலும் கலப்படம்' என்று நாமே புலம்புகிறோம்.

வெள்ளை மோகம்

இந்த மயக்கம் வெல்லத்தோடு நிற்கவில்லை. அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலையில் தீட்டத் தீட்ட அரிசி வெண்மையாகிறது; தவிட்டோடு பி1 என்னும் தயாமின் சத்தும் போய்விடுகிறது. இச்சத்துக் குறைவால் வரும் 'பெரிபெரி' என்னும் நோயை ஆராய்வதற்காக, நமக்கு அருகிலுள்ள குன்னூரில் 1918-ஆம் ஆண்டு இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் சிறிய அளவில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். அந்தச் சிறு தொடக்கமே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. இந்திய நாட்டின் உணவு ஆராய்ச்சி நம் நீலகிரி மலையில் பிறந்தது என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. நெல்லை அவித்துக் காயவைத்து அரைக்கும் புழுங்கலரிசியில் இச்சத்து ஓரளவு அரிசிக்குள்ளேயே தங்கிவிடுகிறது என்பதும் நினைவில் கொள்ள வேண்டியது.

ஜவ்வரிசியும் அப்படியே. மரவள்ளிக் கிழங்கு மாவிலிருந்து செய்யப்படும் சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல பொருள்தான். ஆனால் அது சற்று மங்கலாக இருந்தால் நாம் வாங்குவதில்லை என்பதால், சில இடங்களில் வெளுப்பதற்காக இரசாயனங்கள் சேர்க்கப்பட்டுப் பிடிபட்டதும் உண்டு.

மஞ்சள் தூளின் கதை இன்னும் கவலைக்குரியது. வங்கதேசத்தில் மஞ்சளுக்கு நிறம் கூட்ட ஈயம் கலந்த நிறமியைப் பூசி வந்தார்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. 2019-இல் அங்குள்ள சந்தைகளில் எடுக்கப்பட்ட மாதிரிகளில் 47 விழுக்காட்டில் ஈயம் இருந்தது. ஆய்வாளர்களும் அரசும் மக்களை விழிப்படையச் செய்து, கடும் நடவடிக்கையும் எடுத்த பின், 2021-இல் அது சுழியமானது. மக்கள் விழித்துக்கொண்டால் மாற்றம் வரும் என்பதற்கு இது சான்று. ஈரோட்டு மஞ்சள் விளையும் மண்ணில் வாழும் நாம், விரலி மஞ்சளை வாங்கி மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்வது கடினமா?

தமிழக அரசு 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாய் விற்பனையைத் தடை செய்தது. துணிகளுக்குச் சாயமிடும் 'ரோடமின்-பி' அதில் இருந்ததே காரணம். திருவிழாக் கடைகளில் நம் பிள்ளைகள் கேட்டு அழுததும் அந்த ரோஸ் நிறத்துக்காகத்தான்.

சைவம் என்றாலே நலமா?

தவக்காலத்தில் நாம் இறைச்சியைத் தவிர்க்கிறோம். நல்ல வழக்கம். ஆனால் அந்த நாளில் அதற்குப் பதிலாக எதை உண்கிறோம் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? காலையில் பூரி, மதியம் மலைபோல் வெள்ளைச் சோறு, மாலையில் பேக்கரியில் வெஜிடபிள் பப்ஸும் சர்க்கரை தூக்கலான டீயும், இரவில் மைதா பரோட்டா. இவை யாவும் சைவம்தான். ஆனால் உடலுக்கு நலமானவை என்று சொல்ல முடியாது.

வனஸ்பதி போன்ற கொழுப்புகளில் உண்டாகும் 'டிரான்ஸ்' கொழுப்பு இதய நோயை வளர்ப்பது. அதனால்தான் 2022 சனவரி முதல் எண்ணெயிலும் கொழுப்பிலும் அது 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று சட்டம் வந்தது. பலமுறை காய்ச்சிய எண்ணெயிலும் கேடு உண்டு.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு நோய் இருப்பதாகக் கூறுகிறது. நம் அன்பியக் கூட்டத்தில் அமர்ந்திருப்பவர்களைச் சுற்றிப் பார்த்தாலே இந்த எண்ணிக்கையின் பொருள் புரியும்.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நாளொன்றுக்குச் சுமார் 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகைகள் 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம் போதுமானவை. நம் தட்டு இதற்குத் தலைகீழாக இருக்கிறது: சோறு மிகுதி, பருப்பும் காயும் கொஞ்சம்.

பாட்டி சமையலுக்குத் திரும்புவோம்

கொங்கு நாட்டுக்கு இதில் புதிதாகக் கற்க அதிகமில்லை. கம்மங்கூழ், சோளச் சோறு, ராகிக் களி, சாமைச் சோறு, கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு கடைசல், முருங்கைக் கீரை, தட்டைப்பயறு, எள்ளு, நிலக்கடலை இவையெல்லாம் வானம் பார்த்த இந்தப் பூமி நமக்குக் கொடுத்தவை. 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ளது. தானியத்தோடு பருப்பு சேரும்போது புரதம் முழுமை பெறுகிறது. நம் வீட்டு அரிசிம்பருப்புச் சாதத்தின் ஞானம் இதுவே.

எனினும் சில எச்சரிக்கைகள் தேவை. நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றவே செய்யும். நீரிழிவு உள்ளவர்களுக்கு அவை மாற்று அல்ல. சிறுதானியமும் அளவோடுதான். பி12 என்னும் சத்து தாவர உணவில் கிடைப்பதில்லை; பால், தயிர், முட்டை கொள்ளலாம். அவற்றையும் விடுபவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுக்க வேண்டும். கீரையோடு எலுமிச்சை, நெல்லி சேர்ந்தால் இரும்புச்சத்து நன்கு சேரும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் குறையும்.

இன்றே என்ன செய்யலாம்? அடுத்தமுறை கடையில் "கறுத்த வெல்லம் இருக்குங்களா?" என்று கேட்போம். பொட்டலத்தில் 14 இலக்க உரிம எண்ணும், உள்ளே சேர்த்த பொருட்களின் பட்டியலும் இருக்கின்றனவா என்று பார்ப்போம். சந்தேகம் வந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் செய்வோம். வாரத்தில் இரண்டு நாட்களாவது சோற்றுக்குப் பதில் சிறுதானியம் சமைப்போம். பங்குத் திருவிழா அன்னதானத்தில் ஒரு கீரைக் கடைசலும் கொள்ளு ரசமும் சேர்ப்போம்.

நாம் கேட்பதைத்தான் கடைக்காரர் வைப்பார். அவர் கேட்பதைத்தான் ஆலைக்காரர் காய்ச்சுவார். மாற்றம் நம் பையிலிருந்தே தொடங்க வேண்டும். நம் பிள்ளைகளின் தட்டில் எது விழ வேண்டும் என்பதை இனி நிறம் தீர்மானிக்க விடலாமா? சிந்திப்போம், செயல்படுவோம்.