பஷ்மினா சால்வை: நாம் கொடுக்கும் விலை யாரிடம் போய்ச் சேருகிறது?



குளிர்காலம் வந்தால் காஷ்மீர் வியாபாரிகள் துணிமூட்டைகளுடன் நம் ஊர்ப்பக்கம் வருகிறார்கள். கல்யாணச் சீருக்கும் அன்பளிப்புக்கும் ‘பஷ்மினா’ வாங்கும் வழக்கம் நம் குடும்பங்களில் பெருகி வருகிறது. முந்நூறு ரூபாய்க்கும் பஷ்மினா என்கிறார்கள், முப்பதாயிரத்துக்கும் பஷ்மினா என்கிறார்கள். வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டிய சிலவற்றை இங்கே சொல்கிறோம்.

லடாக்கிலுள்ள சாங்தாங் பகுதி 4,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. அங்கே சாங்பா என்னும் நாடோடி இடையர்கள் வளர்க்கும் வெள்ளாடுகளுக்கு, கடுங்குளிரைத் தாங்க மேல்முடிக்கு அடியில் மெல்லிய முடி வளர்கிறது. குளிர் விலகியதும் அது உதிரத் தொடங்கும். அதைச் சீப்பால் வாரி எடுப்பார்கள், ஆட்டைக் கொல்வதில்லை. அந்த இழையின் பருமன் 12 முதல் 16 மைக்ரான்தான். ‘ஷாதூஷ்’ என்பது வேறு. அது திபெத்திய மான் இனம் ஒன்றைக் கொன்று எடுக்கப்படுவது. அதை விற்பது சட்டப்படி குற்றம். யார் காட்டினாலும் வாங்கக் கூடாது.

வாரிய முடி ஸ்ரீநகர் வட்டாரத்துக்கு வருகிறது. அங்கே வீட்டுப் பெண்கள் ராட்டையில் நூற்கிறார்கள், ஆண்கள் கைத்தறியில் நெய்கிறார்கள். நூற்பவருக்குக் கூலி முடிச்சுக் கணக்கில். ஏறத்தாழப் பத்து அங்குல நீளமுள்ள பத்து நூல்கள் சேர்ந்தால் ஒரு முடிச்சு. ஒரு முடிச்சுக்கு ஒரு ரூபாய் என்ற கூலிதான் பல ஆண்டுகள் நீடித்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நூறு ரூபாய் சம்பாதிக்க, தலைமுடியைவிட மெல்லிய நூலை ஏறத்தாழ 250 மீட்டர் நூற்க வேண்டும். இதனால் பல பெண்கள் ராட்டையை விட்டுவிட்டார்கள்.

இந்தத் தொழிலைக் காஷ்மீரில் ஊன்றியவர்களில் 14-ஆம் நூற்றாண்டில் வந்த ஷா ஹமதான் என்னும் மீர் சையித் அலி ஹமதானி (ரஹ்) அவர்களையும் மரபு வழியாகச் சொல்வார்கள். அதே ஸ்ரீநகரில் 1865 ஏப்ரல் 29 அன்று, வரிச்சுமை தாங்காமல் ஊர்வலம் போன சால்வை நெசவாளர்களைப் படை விரட்டியதில் பலர் உயிரிழந்தார்கள். சால்வைக்கு உலகமெங்கும் மதிப்பிருந்தும் நெய்தவருக்கு நியாயம் கிடைக்காத நிலை பழையதுதான்.

இன்று அவர்களுக்குப் போட்டி விசைத்தறி. பஷ்மினா இழை இயந்திரத்தில் எளிதில் அறுந்துவிடும். ஆகவே நைலான் கலந்து நூற்று, நெய்தபின் அமிலத்தில் நைலானைக் கரைத்து எடுக்கிறார்கள். துணியின் வலிமை குறைகிறது. அதைக் கைவேலை என்று விற்பதுதான் மோசடி. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, ஈரத்தை அடியில் மறைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி நாம் அறிந்ததே. குறையைச் சொல்லி விற்பது வியாபாரம், மறைத்து விற்பது ஏமாற்று.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

மோதிரத்துக்குள் சால்வை நுழைவது சான்றாகாது. மெல்லிய பட்டும் செயற்கைத் துணியும்கூட நுழையும். உதிரி நூலை எரித்தால் முடி கருகும் வாடை வர வேண்டும். பிளாஸ்டிக் போல் உருகினால் அது செயற்கை. ஆனால் சாதாரணக் கம்பளியும் முடி வாடைதான் தரும். ஆகவே நம்பத்தக்கது புவிசார் குறியீடு. ‘காஷ்மீர் பஷ்மினா’ 2008-இல் அதைப் பெற்றது. இழை 16 மைக்ரானுக்கு மிகாமல், கையால் நூற்று, கையால் நெய்த சால்வைக்கே, ஸ்ரீநகரில் சோதித்தபின் தனி எண்ணுள்ள முத்திரை ஒட்டப்படும். முத்திரை இல்லையென்றால் பஷ்மினா விலை கொடுக்காதீர்கள். குறைந்த விலைச் சால்வை வாங்குவதில் தவறில்லை. அதை விஸ்கோஸ் என்றோ கம்பளி என்றோ தெரிந்து வாங்குங்கள். முத்திரையுள்ள சால்வை வாங்குபவர்கள், நூற்றவருக்கு என்ன கூலி தருகிறீர்கள் என்றும் கேளுங்கள். முத்திரை கைவேலைக்குச் சான்று, கூலிக்குச் சான்றல்ல. வாங்குபவர் கேட்டால்தான் விற்பவர் யோசிப்பார்.

இந்தக் கேள்வி காஷ்மீரோடு முடிவதில்லை. பத்தமடையில் பாய் நெய்யும், மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் நம் சகோதரிகளும் வீட்டிலிருந்து எண்ணிக்கைக் கூலிக்கே உழைக்கிறார்கள். ஏழைப் பெண்ணுக்கு சதகா கொடுப்பது நன்மை. ஆனால் அவள் உழைத்த கூலி சதகா அல்ல, அவளுடைய ஹக்கு. அதைக் குறைத்துவிட்டு ரமளானில் அரிசி கொடுப்பதால் கணக்குத் தீர்ந்துவிடாது.

வஸ்ஸலாம்.
செயலாளர்