கடிகாரம் நகர்ந்தது, சூரியன் நகரவில்லை

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ காலை ஆறு மணிக்குப் பல வீடுகளில் கேட்கும் குரல் ஒன்றுதான்: “எழுந்திரு, பள்ளிக்கு நேரமாச்சு!” வெளியே இன்னும் கும்மிருட்டு.

1982 ஜனவரி 1 முதல், சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்குவதற்காகத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டன. பிப்ரவரியில் கோலாலம்பூரில் சூரியன் உதிக்க ஏறத்தாழ 7.25 ஆகிவிடுகிறது.

சுவர்க் கடிகாரத்தை மாற்றலாம். மூளையில் இருப்பதையோ வெளிச்சம்தான் திருப்ப வேண்டும். கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு பகுதி இருக்கிறது. அதுதான் உடலின் தலைமைக் கடிகாரம். இதயம், கல்லீரல், குடல் ஆகியவற்றுக்கும் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு. அவற்றை ஒன்றாக ஓட வைப்பது இதுவே. இருட்டியதும் தூக்கத்துக்கான மெலட்டோனினைச் சுரக்க வைக்கிறது. விடியும் முன்பே உடல் வெப்பத்தை மெல்ல ஏற்றுகிறது.

இரவு 11 மணிக்குக் கைப்பேசி வெளிச்சம் கண்ணில் பட்டால், பொழுது இன்னும் சாயவில்லை என்று அது கணக்குப் போடும். நள்ளிரவில் மாமாக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டால், கல்லீரலின் கடிகாரம் தடம் மாறும்.

இடைநிலைப்பள்ளி வயதில் இந்தக் கடிகாரம் இயல்பாகவே பிந்தி ஓடும். ஆகவே, எழ மறுக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள். இரவில் வீட்டு விளக்குகளையும் கைப்பேசியையும் சீக்கிரம் அணையுங்கள். விடுமுறை நாளிலும் காலை வெயிலில் சேர்ந்து சிறிது தூரம் நடங்கள். பிள்ளைக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் அது நல்லது.